சாகசப் படங்களில் 'கிழக்கு': ஒரு ஹாலிவுட் படத்தைப் பிரித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

பாழடைந்த கோயில், தரையெல்லாம் பாம்பு. நெரிசலான சந்தையில் வளைந்த வாளோடு ஒரு முரடன். மந்திரம் ஓதிக்கொண்டே மனித நெஞ்சில் கைவைக்கும் பூசாரி. இவர்களுக்கு நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார். மௌனப்பட காலத்திலிருந்தே மேற்கத்திய சாகசப் படங்கள் இந்தச் சரக்கை வைத்துத்தான் பிழைத்து வருகின்றன. "இது ஸ்டீரியோடைப்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். எந்தக் காட்சியில், எந்த உத்தியில் அது உருவாகிறது என்று காட்டுவதற்குத்தான் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பை எப்படிச் செய்வது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு படத்தை எடுத்து, இரண்டு மூன்று தடவை பார்த்து, ஒரு கட்டுரையோ வீடியோவோ செய்ய நினைப்பவர்களுக்கு இது உதவும்.

உதாரணப் படமாக 1984-ல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' படத்தை வைத்துக்கொள்வோம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கம், ஜார்ஜ் லூகாஸ் கதை. ஒரு கிராமத்திலிருந்து திருடப்பட்ட புனிதக் கல்லைத் தேடி, அமெரிக்கத் தொல்லியல் பேராசிரியர் ஜோன்ஸ் ஒரு அரண்மனைக்கும் அதன் அடியில் நரபலிக் கூட்டம் இருக்கும் கோயிலுக்கும் போகிறார். கதை நடப்பது இந்தியாவில், பெரும்பகுதி வெளிப்புறக் காட்சிகளை எடுத்தது இலங்கையில். வேறு படங்களையும் நடுநடுவே இழுத்துக்கொள்வேன்.

தொடங்கும் முன்

எட்வர்ட் சயீதின் 'ஓரியன்டலிசம்' 1978-ல் வெளிவந்தது. ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனரான அவர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தவர். ஐரோப்பா கிழக்கை எழுதியபோதெல்லாம் தனக்கு எதிர்ப்பதமாகவே அதை எழுதியது என்பது அவர் வாதம். நாங்கள் அறிவு, அவர்கள் மூடநம்பிக்கை. நாங்கள் நகர்கிறோம், அவர்கள் ஆயிரம் வருஷமாக அப்படியே இருக்கிறார்கள். இந்த எழுத்தும் ஆட்சியதிகாரமும் கைகோர்த்து நடந்தன. நூல் முழுவதையும் படித்து முடித்தால்தான் வேலையைத் தொடங்கலாம் என்றில்லை, இந்த அளவு போதும். சினிமாவுக்கென்றே தனியாக ஏதாவது வேண்டுமானால், 900-க்கும் மேற்பட்ட படங்களில் அரபு மக்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று அலசி ஜாக் ஷாஹீன் 2001-ல் வெளியிட்ட நூல் இருக்கிறது.

ஒரு நடைமுறை விஷயம்: தமிழ் டப்பிங்கில் பார்க்காதீர்கள். யார் எந்த மொழியில் பேசுகிறார், யாருடைய பேச்சு வெறும் சத்தமாக விடப்படுகிறது என்பதெல்லாம் டப்பிங்கில் காணாமல் போய்விடும். மூல ஒலியோடு, ஆங்கில சப்டைட்டில் போட்டுப் பாருங்கள்.

முதல் தடவை குறிப்பு எடுக்க வேண்டாம். சும்மா பாருங்கள், ரசியுங்கள். டெம்பிள் ஆஃப் டூம் படத்தின் சுரங்க வண்டித் துரத்தல் இன்றைக்கும் நாற்காலி நுனியில் உட்கார வைக்கும், அதை மறைத்து எழுதுகிற விமர்சனத்தை யாரும் நம்ப மாட்டார்கள். 1939-ல் வந்த 'கங்கா தின்' என்ற பிரிட்டிஷ் ராணுவ சாகசப் படத்தைப் பார்த்த ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், இந்தியர்களைப் பற்றி அது காட்டுவது பொய் என்று தெரிந்தும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்ததாகவும் கைதட்டத் தோன்றியதாகவும் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையிலிருந்து தொடங்கினால் அடுத்த கேள்வி தானாக வரும்: தெரிந்தும் ஏன் ரசித்தேன்?

படி 1: மூன்று ஆண்டுகளை எழுதுங்கள்

கதை நடக்கும் ஆண்டு, படம் வந்த ஆண்டு, கதைக்கு மூலமான விஷயத்தின் ஆண்டு. நம் படத்துக்கு முதல் இரண்டும் 1935, 1984. மூன்றாவதற்குப் பின்னோக்கிப் போக வேண்டும். நரபலி கொடுக்கும் தக்கர் என்ற கொள்ளைக் கூட்டம், காளி வழிபாடு, அவர்களை அடக்கும் பிரிட்டிஷ் படை என்ற சட்டகம் கங்கா தின் படத்திலேயே இருக்கிறது. அதற்கும் நூறு ஆண்டு முன்னால், 1839-ல், பிலிப் மெடோஸ் டெய்லர் ஒரு தக்கரின் வாக்குமூலம் என்ற பெயரில் எழுதிய நாவல் லண்டனில் பிரபலமானது. ஆக 1984-ல் நாம் பார்ப்பது 1830-களின் இந்தியாவை, இரண்டு மூன்று கை மாறி வந்த வடிவத்தில்.

இப்போது கதை நடக்கும் ஆண்டில் உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1935-ல் இந்திய அரசுச் சட்டம் வந்தது. உப்புச் சத்தியாக்கிரகம் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தில் இதன் நிழல்கூட இல்லை. காங்கிரஸ் இல்லை, செய்தித்தாள் இல்லை, வக்கீல் இல்லை. கிராமம், அரண்மனை, பாதாளக் கோயில் அவ்வளவுதான்.

இதே சோதனையை 1989-ல் வந்த அடுத்த இண்டியானா ஜோன்ஸ் படத்திலும் செய்யலாம். அதில் 1938-ல் ஹதாய் என்ற நாடு வருகிறது. ஹதாய் நிஜமாகவே இருந்தது, துருக்கியோடு சேர்வதற்கு முன் சில மாதங்கள் குடியரசாக இருந்தது. அதற்குக் குடியரசுத் தலைவர் உண்டு, சட்டசபை உண்டு. படத்தில் அதை ஆள்பவர் ஒரு சுல்தான். ரோல்ஸ் ராய்ஸ் காரைக் காட்டியதும் மயங்கி, நாஜிகளுக்குப் படையும் ஒட்டகமும் கொடுத்துவிடுகிறார். நடித்தவர் லிவர்பூலைச் சேர்ந்த நகைச்சுவைக் கலைஞர் அலெக்ஸி சேல். மேற்காசியா என்றால் சுல்தான் இருந்தே ஆகவேண்டும் என்ற பழக்கம் குடியரசையும் விட்டுவைக்கவில்லை.

படி 2: எங்கே எடுத்தார்கள்?

டெம்பிள் ஆஃப் டூம் குழு முதலில் ராஜஸ்தானின் ஆமேர் கோட்டையைத்தான் கேட்டது. இந்திய அரசு திரைக்கதையைப் படித்துவிட்டு மாற்றங்கள் கேட்டது, இறுதி வடிவத்தில் தனக்கும் அதிகாரம் வேண்டும் என்றது. ஒத்துவராமல் 1983 ஏப்ரலில் குழு கண்டிக்குப் போனது. படத்தின் உச்சக்கட்டத்தில் அறுந்து தொங்கும் கயிற்றுப் பாலம், அப்போது விக்டோரியா அணைக்கட்டு வேலைக்காக வந்திருந்த பிரிட்டிஷ் பொறியாளர்கள் கட்டிக்கொடுத்தது.

வேறு ஊரில் எடுப்பது குற்றமே இல்லை, எல்லா சினிமாவும் செய்வதுதான். இடம் மாறியதைப் படம் கவனித்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வட இந்தியக் கிராமம் என்று காட்டப்படும் இடத்தில் ஊர்க்காரர்கள் சிங்களம் பேசுகிறார்கள். ஊர்ப் பெரியவராக வருபவர் சிங்களத் திரையுலகில் நன்கு அறியப்பட்ட டி. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கேமராவுக்குப் பின்னால் நின்று ஸ்பீல்பெர்க் சொல்லச் சொல்ல, அந்த ஒலியை அப்படியே திருப்பிச் சொன்னார். பார்க்கிறவருக்குப் புரியாது, எனவே எந்த மொழியாக இருந்தால் என்ன என்ற எண்ணம்தான் இது. அந்தப் பார்வையாளர் கும்பலில் சிங்களமோ இந்தியோ தெரிந்த ஒருவர் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வௌவால்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டு வழியில் வானம் நிறையப் பெரிய வௌவால்கள் பறக்கும்போது, இவை ரத்தம் குடிக்கும் ராட்சத வௌவால்கள் என்கிறார் ஜோன்ஸ். ரத்தம் குடிக்கும் வௌவால் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. திரையில் பறப்பவை பழந்தின்னி வௌவால்கள், கண்டி பக்கம் பேராதனைத் தாவரவியல் பூங்கா மரங்களில் கும்பல் கும்பலாகத் தொங்குபவை. தொல்லியல் பேராசிரியராக வரும் ஒரு கதாபாத்திரத்தின் வாயில் இந்த வசனம்! கொய்யாப்பழம் தின்னும் பிராணிகூடக் கிழக்கில் இருந்தால் ரத்தம் குடிக்க வேண்டியிருக்கிறது.

மற்ற படங்களுக்குச் சுருக்கமாக: கங்கா தின் படத்தின் இந்திய எல்லை, கலிஃபோர்னியாவின் லோன் பைன் பாறைக்குன்றுகள். 1975-ன் 'தி மேன் ஹூ வுட் பி கிங்' படத்தின் காஃபிரிஸ்தானும், 1999-ன் 'தி மம்மி' படத்தின் எகிப்துப் பாலைவனமும் மொராக்கோ. ஒரு பாலைவனம் எல்லா நாட்டுக்கும் போதும்.

படி 3: ஆள் கணக்கு எடுங்கள்

இரண்டாம் தடவை பார்க்கும்போது நோட்டில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர் உண்டா, என்ன தொழில், எந்த மொழியில் பேசுகிறார், யாரோடு பேசுகிறார், கடைசியில் என்ன ஆகிறார். அப்புறம் இன்னொரு பத்தி: நாயகன் அந்த இடத்தைவிட்டுப் போன மறுநாள் இவர் என்ன செய்துகொண்டிருப்பார்?

என் அனுபவத்தில் கடைசிக் கேள்விதான் படத்தைத் திறந்து காட்டும். வில்லனாக ஒரு இந்தியரோ அரபியரோ வருவதில் தவறில்லை, வில்லன் எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். ஆனால் இந்தப் படங்களில் கிழக்கத்திய ஆள் யாருக்கும் சாதாரண நாள் என்று ஒன்று கிடையாது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவர், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர், நாயகனைப் பார்த்து "யாரப்பா இவன்" என்று அலுத்துக்கொள்கிறவர் யாரும் இல்லை. ஒன்று ஆபத்து, இல்லையேல் தடை, அதுவும் இல்லையென்றால் உதவியாள்.

1981-ல் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தின் கெய்ரோ வாள்வீரன் இதற்குப் பிரபலமான உதாரணம். கூட்டம் விலகுகிறது, கறுப்பு உடையில் ஒருவன் வாளைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறான், ஜோன்ஸ் அலுப்போடு துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறார். தியேட்டரே சிரிக்கும். துனிசியாவில் எடுத்தபோது ஹாரிசன் ஃபோர்டுக்கு வயிற்றுப்போக்கு, நீளமான சண்டைக்குத் தெம்பில்லாமல் இப்படிச் சுருக்கினார்கள். காட்சி தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆனால் பெயரில்லாத, காரணமில்லாத, ஒரு வார்த்தை பேசாத ஒருவனின் சாவு நகைச்சுவையாக எடுபட வேண்டுமென்றால் அதற்கான மனப்பழக்கம் பார்வையாளரிடம் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். சுட்டதும் சுற்றியிருக்கும் உள்ளூர்க் கூட்டமே ஆரவாரம் செய்வதையும் கவனியுங்கள்.

நடித்தவர் யார் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். கங்கா தின் என்ற இந்தியராக முகத்தில் கறுப்பு மை பூசி நடித்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த சாம் ஜாஃபி. 1962-ன் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் இளவரசர் ஃபைசல், இங்கிலாந்தின் அலெக் கின்னஸ். 1983-ன் ஜேம்ஸ் பாண்ட் படம் 'ஆக்டோபஸி'யில் ஆப்கன் இளவரசர் கமால் கான், பிரான்ஸின் லூயி ஜோர்தான். மௌனப்படக் காலத்து 'தி ஷேக்' (1921) இன்னும் ஒரு படி மேல். வேலன்டினோ நடித்த அரபு ஷேக்கை ஆங்கிலப் பெண் காதலிக்கிறாள். கடைசியில் அவன் அரபியே இல்லை, தந்தை ஆங்கிலேயர், தாய் ஸ்பானியர் என்று தெரிகிறது. அப்பாடா, கல்யாணத்துக்குத் தடையில்லை.

ஆக்டோபஸியில் நம்மூர் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் இருக்கிறார். உதய்பூரில் பாண்டுக்கு உதவும் உளவாளி, அவர் பெயரும் விஜய்தான். ஆட்டோ துரத்தலில் எதிரியை டென்னிஸ் மட்டையால் அடிப்பார். துரத்தல் போகும் தெருவில் ஆணிப்படுக்கைக்காரர், நெருப்பு விழுங்குபவர், வாள் விழுங்குபவர் எல்லாரும் ஒரே மதிய நேரத்தில் வேலையில் இருப்பார்கள். சூதில் ஜெயித்த பணக்கட்டை இந்தியக் கூட்டாளிக்குத் தரும்போது, சில வாரத்துக்குக் குழம்புச் செலவுக்கு ஆகும் என்கிறார் பாண்ட். விஜய் பாதிப் படத்தில் செத்துப்போகிறார். உதவியாள் என்ற பாத்திரத்தின் முழு ஆயுளையும் இந்த ஒரு ஆளிடம் பார்த்துவிடலாம்.

படி 4: ஒரே ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

படம் முழுவதையும் இப்படிப் பார்க்க நேரம் இருக்காது. ஒரு காட்சி போதும். டெம்பிள் ஆஃப் டூமில் அது பங்கோட் அரண்மனை விருந்துதான்.

தட்டில் என்னென்ன வருகிறது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும்: பெரிய பாம்பின் வயிற்றைக் கிழித்தால் நெளியும் குட்டிகள், வண்டுகள், கண்விழி மிதக்கும் சூப், கடைசியில் குளிரவைத்த குரங்கு மூளை. இந்து ராஜாவின் அரண்மனையில் இப்படி யாரும் சாப்பிடுவதில்லை என்று இந்தியப் பார்வையாளர்கள் அப்போதே கோபப்பட்டார்கள். கோபம் சரிதான். ஆனால் தட்டை மட்டும் பார்த்தால் காட்சியின் பாதியைத் தவறவிடுவீர்கள்.

முதலில் கேமராவைப் பாருங்கள். ஒவ்வொரு பதார்த்தம் வந்ததும் வெட்டிப் போவது பாடகி வில்லியின் முகத்துக்கு. அவர் அருவருப்புதான் நமக்கு அளவுகோல். ருசித்துச் சாப்பிடும் விருந்தாளிகள் பக்கமிருந்து ஒரு ஷாட்கூட நம்மை உட்காரவைக்காது. அவர்கள் உறிஞ்சுவார்கள், ஏப்பம் விடுவார்கள். அவர்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

இப்போது அதே மேசையின் மறுமுனைக்கு வாருங்கள். அங்கே ஜோன்ஸ், பிரிட்டிஷ் கேப்டன் பிளம்பர்ட், திவான் சத்தர் லால் மூவரும் அரசியல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சத்தர் லாலாக நடித்தவர் ரோஷன் சேத். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலம், கூர்மையான நாக்கு. பிரிட்டிஷார் தங்கள் சாம்ராஜ்யத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதைப் பார்த்தால், நன்றாகப் பராமரிக்கப்படும் குழந்தைகள் போல எங்களுக்குத் தோன்றுகிறது என்று கேப்டனைக் குத்துகிறார். கிராமத்திலிருந்து திருடப்பட்ட கல் பற்றி ஜோன்ஸ் பேச்செடுத்ததும், உங்களையே கல்லறைத் திருடர் என்று சொன்னார்களே என்று திருப்பிக் கேட்கிறார். இரண்டும் சரியான பதில்கள். 1935-ல் படித்த ஒரு இந்தியர் ஒரு பிரிட்டிஷ் கேப்டனிடம் சொல்லியிருக்கக்கூடிய பதில்கள்.

படம் அவரை என்ன செய்கிறது? சிறிது நேரத்தில் அவர் நரபலிக் கூட்டத்து ஆள் என்று தெரியவருகிறது. அந்த நொடியில் அவர் மேசையில் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடுகிறது. காலனியாட்சியைக் கேலி செய்த ஒரே வாய் வில்லனின் வாய். அதற்கும் மேலே, "பராமரிக்கப்படும் குழந்தைகள்" என்று அவர் எகத்தாளமாகச் சொன்னதையே கதை நிஜமாக்கிக் காட்டுகிறது: சுரங்கத்தில் அடிமைகளாக இந்தியக் குழந்தைகள், அவர்களை மீட்க ஒரு அமெரிக்கர், கடைசி நேரத்தில் துப்பாக்கியோடு வந்து காப்பாற்ற பிளம்பர்ட்டின் படை. ஊர்க்காரர்கள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

குரங்கு மூளையைவிட இது ஆபத்தான வேலை என்பது என் கருத்து. சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளித்த பார்வையாளர் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடலாம். நன்றாகப் பேசும் கிழக்கத்தியரை நம்பாதே என்ற பாடம் அவ்வளவு சுலபத்தில் மறக்காது. சொல்லப்போனால் சாப்பாட்டு நகைச்சுவை புதிதும் அல்ல. முந்தைய ஆண்டு வந்த ஆக்டோபஸியில் கமால் கான் ஆட்டுத்தலையிலிருந்து கண்ணைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார்.

உங்கள் படத்தில் இப்படி ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி: உள்ளூர் ஆள் ஒருவர் நாயகனை மறுத்துப் பேசும் இடத்தைத் தேடுங்கள். அந்த மறுப்புக்குப் படம் என்ன விலை வைக்கிறது என்று பாருங்கள்.

படி 5: வரலாற்றைச் சரிபாருங்கள்

தக்கர்கள் கற்பனை இல்லை. வழிப்போக்கர்களோடு நட்பாகப் பழகி, கைக்குட்டையால் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்த கூட்டங்கள் பற்றிய பதிவுகள் உண்டு. அவர்களில் இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுப்பது, எரிமலைக் குழம்பில் இறக்குவது எல்லாம் ஹாலிவுட் சேர்த்தது. இவர்கள் உண்மையில் இந்தியா முழுக்கப் பரவிய ஒரே மதக்கூட்டமா, அல்லது பஞ்சத்தாலும் வேலையிழப்பாலும் உருவான பல தனித்தனிக் கொள்ளைக் கும்பல்களா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஒரே மதக்கூட்டம் என்ற படிமத்தைப் பெரும்பாலும் கட்டியவர் வில்லியம் ஸ்லீமன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அவருடைய முக்கிய ஆதாரம் அப்ரூவர்களின் வாக்குமூலம். தூக்கிலிருந்து தப்பிக்க வேண்டியவர் அதிகாரி கேட்கும் கதையைச் சொல்வார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1836-ல் வந்த சட்டப்படி, தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று நிரூபித்தாலே ஆயுள் தண்டனை. செய்த குற்றத்துக்காக அல்லாமல், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகத் தண்டிக்கும் இந்த யோசனை அதோடு நிற்கவில்லை. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம் அதே பாதையில் வந்தது. 1911-க்குப் பின் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மதுரைப் பக்கத்தில் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள்.

திரையில் வேடிக்கையாக வரும் 'ரகசியக் கொலைகாரக் கூட்டம்' என்ற கதைக்கு இப்படி ஒரு நிர்வாக வரலாறு உண்டு. உங்கள் படத்தில் ரகசியக் கூட்டம், சாபம், வெறிபிடித்த மதக்குழு ஏதாவது வந்தால், அந்தக் கதையை முதலில் எழுதிவைத்தவர் யார், அவர் வகித்த பதவி என்ன என்று தேடுங்கள்.

படி 6: கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்

சுருக்கமான படி, ஆனால் விட்டுவிடாதீர்கள். பாலைவனமோ சந்தையோ வரும்போது எந்த வாத்தியம், எந்த ஸ்வரங்கள் என்று கவனியுங்கள். ரி-க-வுக்கு நடுவே ஒரு பெரிய தாவல் விட்டு ஒலிக்கும் அளவையைத்தான் மேற்கத்திய இசையமைப்பாளர்கள் 'கிழக்கு' என்பதற்கு எடுப்பார்கள். அந்த அளவைகளில் ஒன்று மாயாமாளவகௌளை ராகத்தின் ஸ்வரங்களேதான். நம் குழந்தைகள் சரளி வரிசையில் முதன்முதலில் பாடுவது. அங்கே பாம்பு வரப்போகிறது என்பதற்கு அறிகுறி, இங்கே ஏழு வயதுப் பிள்ளையின் பாட்டு வகுப்பு.

படி 7: யார் இல்லை என்று பாருங்கள்

திரையில் இருப்பதைக் குறித்துக்கொள்வது எளிது, இல்லாததைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். லாரன்ஸ் ஆஃப் அரேபியா மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, ஒரு பெண்ணுக்குக்கூட வசனம் இல்லை.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 1957-ன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'. சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர் வாங்கியது. இதையும் இலங்கையில்தான் எடுத்தார்கள், கித்துல்கலவில். ஜப்பானியர் பிடியில் பிரிட்டிஷ் போர்க்கைதிகள் பாலம் கட்டுகிறார்கள். ஜப்பானியப் பொறியாளருக்குப் பாலம் கட்டத் தெரியவில்லை, பிரிட்டிஷ் அதிகாரிகள் இடத்தை மாற்றி, திட்டம் போட்டு, சொல்லிக்கொடுக்கிறார்கள். உண்மையில் ஜப்பானிய ரயில்வேப் பொறியாளர்கள் தங்கள் வேலையை நன்கு அறிந்தவர்கள். ஆசியனுக்கு வெறித்தனம் உண்டு, திறமை கிடையாது என்ற பழைய பார்வைதான் திரைக்கதைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

படத்தில் யார் இல்லை? சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-43-ல் அதைப் போட்டபோது 12,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு, 90,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர். இவர்களோடு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள். காலராவில் முகாம் முகாமாக விழுந்தார்கள். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் 'சயாம் மரண ரயில்' என்றால் தாத்தாவோ தாத்தாவின் அண்ணனோ திரும்பிவராத கதை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு கல் கிடையாது, உலகமே பார்த்த படத்திலும் அவர் இல்லை.

படம் கற்பனைக் கதை, வரலாற்று ஆவணம் இல்லை என்று பதில் வரும். வரட்டும். அந்தப் படத்தில் உள்ளூர் ஆசியர்கள் இல்லாமல் இல்லை. பாலத்தைத் தகர்க்க வரும் கமாண்டோக்களுக்குச் சுமை தூக்கும் இளம்பெண்கள் இருக்கிறார்கள், பார்வைக்கு அழகாக. ரயில் பாதைத் தொழிலாளியைக் காட்ட இடமில்லாத கதைக்குள் இவர்களுக்கு எப்படி இடம் கிடைத்தது என்ற கேள்வியை உங்கள் கட்டுரை கேட்கலாம்.

படி 8: எதிர்ச் சாட்சியைத் தேடுங்கள்

இதைச் செய்யாத விமர்சனம் வழக்கறிஞர் நோட்டீஸ் மாதிரி இருக்கும். டெம்பிள் ஆஃப் டூமில் ஒரு விஷயம் உண்டு: ஜோன்ஸ் கடைசியில் கல்லை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போகாமல் அதற்கு உரிய ஊரிடமே திருப்பிக் கொடுக்கிறார். 1981, 1989 படங்களில் பழம்பொருள் என்றால் அருங்காட்சியகம் என்பதே அவர் மந்திரம். இந்த ஒரு புள்ளியில் மிக மோசமான படம் மற்றவற்றைவிட நியாயமாக நடந்துகொள்கிறது.

கங்கா தின்னில் தக்கர்களின் குரு, பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பார்த்து ஒரு வசனம் பேசுவார்: நீங்கள் உங்கள் நாட்டுக்காகச் சாகத் தயார், நானும் என் இந்தியாவுக்காக அப்படியே சாவேன். சொல்லிவிட்டுப் பாம்புக் குழியில் குதித்துவிடுவார். எழுதியவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, அந்த ஒரு நிமிஷம் படத்தின் நியாயத்தையே ஆட்டிப் பார்க்கிறது. ஆனாலும் பம்பாயிலும் வங்காளத்திலும் படம் தடை செய்யப்பட்டது. முந்தைய ஆண்டு 'தி டிரம்' என்ற பேரரசு சாகசப் படத்துக்குப் பம்பாயில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியிருந்தது.

டெம்பிள் ஆஃப் டூமின் வில்லன் பூசாரி மோலா ராமாக நடித்த அம்ரீஷ் பூரியின் பதிலையும் கேட்க வேண்டும். இது வெறும் கற்பனை, விமானத்திலிருந்து ரப்பர் படகில் குதித்து இந்தியாவில் இறங்குவதை யாராவது நிஜம் என்று நம்புவார்களா என்று தன் சுயசரிதையில் கேட்கிறார். நம் படங்களில் நம்மை நாமே இப்படிக் காட்டும்போது சும்மா இருந்துவிட்டு, வெளிநாட்டுக்காரர் செய்தால் மட்டும் கூசுகிறோம் என்றும் சொல்கிறார். முதல் வாதம் எனக்கு ஏற்பில்லை, கற்பனைதான் என்றால் அந்த ஊருக்கு இந்தியா என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்? இரண்டாவது வாதத்துக்குப் பதில் சொல்வது கடினம். 2011-ல் வந்த '7ஆம் அறிவு' படத்தில் கண்ணாலேயே மனிதர்களை வசியம் செய்து கொல்லவைக்கும் சீன வில்லன், மேற்கில் 1913-லிருந்து நாவலிலும் சினிமாவிலும் சுற்றிவந்த ஃபூ மன்சூ என்ற சீன வில்லனின் நேரடி வாரிசு. நடித்தவர் வியட்நாமிய அமெரிக்கர். கிழக்கிலிருந்து பார்த்தாலும் நமக்கும் ஒரு கிழக்கு இருக்கிறது.

படி 9: எழுதுங்கள்

"இந்தியர்களின் மனதைப் புண்படுத்திய படம்" என்று தொடங்காதீர்கள். புண்பட்டது உங்களுக்குத் தெரியும், படிப்பவருக்கு அது எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு பத்தியிலும் ஒரு காட்சி, அதில் கேமராவோ வசனமோ இசையோ செய்யும் ஒரு வேலை, அதன் விளைவு என்ற வரிசையில் போங்கள். "விருந்துக் காட்சி இந்திய உணவைக் கேவலப்படுத்துகிறது" என்பது மொட்டையான வாக்கியம். "விருந்தில் பிரிட்டிஷ் ஆட்சியைக் கேலி செய்பவர் சத்தர் லால் மட்டுமே, அவரையே பின்னால் நரபலிக் கூட்டத்தில் காட்டுவதால் அந்தக் கேலி செல்லாக்காசாகிறது" என்று எழுதினால், எதிர்வாதம் செய்பவர்கூடக் காட்சிக்குள் வந்துதான் பேச வேண்டும்.

குறிப்பாகச் சொன்னால் பலனும் கிடைக்கும். டிஸ்னியின் 'அலாடின்' (1992) தொடக்கப் பாட்டில், முகம் பிடிக்கவில்லை என்றால் காதை வெட்டிவிடும் ஊர் என்று அரபு நாட்டைப் பற்றி ஒரு வரி இருந்தது. அமெரிக்க அரபு அமைப்பு ஒன்று அந்த வரியைக் குறிப்பிட்டே எதிர்த்தது. 1993-ல் வீடியோ கேசட் வந்தபோது அந்த வரி போய், ஊரின் பரப்பையும் வெயிலையும் சொல்லும் வரி வந்தது. அடுத்து வரும் 'காட்டுமிராண்டித்தனம்தான், ஆனாலும் நம்ம ஊர்' என்ற வரி அப்படியே நின்றது. 2019-ல் படத்தை மறுபடி எடுத்தபோதுதான் அதுவும் மாறி, 'ஒரே குழப்பம்தான், ஆனாலும் நம்ம ஊர்' என்று ஆனது.

முதல் முயற்சிக்கு டெம்பிள் ஆஃப் டூம் வேண்டாம் என்றால் 1999-ன் தி மம்மி நல்ல தேர்வு. அதில் சிறை அதிகாரி, பாலைவனக் காவலர் தலைவன் என்று இரண்டு எகிப்தியப் பாத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்றாம் படியைச் செய்து பாருங்கள். நோட்டில் ஒரே மாலையில் நிறையச் சேர்ந்துவிடும்.